டாக்டரிடம் மறைத்த வேண்டுதல்

இதை எழுத நான்கு வருடமாகத் தயங்கினேன். எட்டாவதோடு நின்றவன் நோயைப் பற்றி எழுதலாமா என்பது ஒரு கூச்சம். அம்மனுக்கு நேர்ந்துகொண்ட விஷயத்தில் நான் செய்த தப்பையும் எழுத வேண்டுமே என்பதுதான் பெரிய பயம். அவள் பொறுத்துக்கொள்வாள் என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. வயிறு மட்டும் உப்பியிருக்கும், கை கால் குச்சியாக இருக்கும். சாப்பிட்டதெல்லாம் வெளியே போய்விடும். எங்கள் மலையில் உடம்புக்கு முடியாத பிள்ளைக்குச் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் தரமாட்டோம். அது காட்டு வேலை செய்கிறவனுக்கு. நோயாளிக்குக் கடை ரொட்டி, பன். ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனால் முதலில் அதைத்தான் வாங்குவேன். அவள் மெலிய மெலிய இன்னும் அதிகம் வாங்கினேன். ஊட்டியது இந்தக் கைதான்.

கீழே நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், “குடல்ல கோளாறு. ரத்தம் பார்க்கணும்” என்று சீட்டு எழுதினார். என்ன வருமோ என்று நடுங்கி, சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

அந்த ஆடியில் அம்மன் முன்னால் நின்று மனசுக்குள் நேர்ந்துகொண்டேன்: தை பிறக்கும் வரை எங்கள் நிலத்தில் விளைந்த தானியம்தான், கடைப் பண்டம் எதுவும் பிள்ளை வாயில் படாது. மனைவிக்கு மட்டும் சொன்னேன். அடுத்த ஆடியில் பொங்கல் வைத்துக் கடனைத் தீர்க்கும்வரை வேறு யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் பலிக்காது என்பது எங்கள் வழக்கம்.

மகள் தேறினாள். கன்னத்தில் சதை வந்தது. மார்கழிக் கடைசியில்தான் ரத்தம் கொடுக்கத் தைரியம் வந்தது.

டாக்டர் கேட்டார், “பொண்ணு எல்லாம் சாப்பிடுதா? சப்பாத்தி, ரொட்டி?”

“எல்லாமே துன்னுதுங்க சார்” என்றேன். வேண்டுதலைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன்.

ரத்தம் சுத்தம் என்று வந்தது. “சந்தேகப்பட்ட நோய் இல்லை” என்றார். தை பிறந்ததும் பழையபடி ரொட்டி வாங்கினோம். பங்குனிக்குள் பிள்ளை மறுபடி படுத்துவிட்டாள். என்ன குற்றம் செய்தோம் என்று அம்மன் காலடியில் கிடந்தேன். இந்த முறை பிழைக்கமாட்டாள் என்றே நினைத்தேன்.

வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டா? சரியா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க.”

நான் தரையைப் பார்த்தேன். மனைவி என் கையைக் கிள்ளினாள். “இன்னாத்துக்கு ஊமையாட்டம் நிக்கிற? சொல்லித் தொலை. சாமி கோச்சிக்கினா எம்மேல கோச்சிக்கட்டும்!”

சொன்னேன். வேண்டுதலையும், முன்பு சொன்ன பொய்யையும் ஒளிக்கவில்லை. டாக்டர் திட்டவில்லை.

“இது சீலியாக்னு ஒரு நோயா இருக்கலாங்க. கோதுமையில இருக்கிற ஒரு சத்து சேராம, உடம்பு தன் குடலையே தாக்கிக்கும். அந்தச் சண்டையோட அடையாளத்தைத்தான் ரத்தத்துல தேடுறோம். மாசக்கணக்கா கோதுமையே படலைன்னா அடையாளம் மறைஞ்சிடலாம். நம்ம பக்கம் அதிகம் பார்க்காத நோய். இன்னும் ஆராய்ஞ்சிட்டுதான் இருக்காங்க.”

“அப்போ ரொட்டிய இன்னிக்கே நிறுத்திடறோங்க.”

“அதான் கூடாது. இன்னும் ஆறு வாரம் தினமும் ரெண்டு துண்டு குடுங்க. ரொம்ப முடியலைன்னா உடனே கூட்டிட்டு வாங்க. அப்புறம் ரத்தம் பார்த்து, குழாய் விட்டுக் குடல்ல துணுக்கு எடுத்துப் பார்ப்போம்.”

அந்த ஆறு வாரத்தை என்னால் மறக்க முடியாது. தெரியாமல் கொடுத்தது போய், தெரிந்தே கொடுத்தேன். ஆலங்காயத்து பேக்கரிக்காரர் சிரித்தார்: “இன்னா மாமா, மலை மேல களி கிண்ட ஆளில்லியா? வாரம் தவறாம ரொட்டி போவுது!” எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலாவது வாரம் மகள் தட்டைத் தள்ளினாள். “யப்பா, இத துன்னா வலிக்குதுன்னு தெரியுமில்ல? ஏன்பா குடுக்கிற?”

“கண்ணு, இன்னும் கொஞ்ச நாளுதான்.”

மனைவி தட்டைப் பிடுங்கினாள். “போதும்யா. எம்புள்ள போய்ட்டா டெஸ்ட்ட வெச்சி இன்னா பண்றது?”

எனக்கும் அதே பயம்தான். ஆனால் நிறுத்திவிட்டுப் போனால் ரத்தம் மறுபடி சுத்தம் என்று சொல்லிவிடுமே. டாக்டருக்குப் போன் போட்டோம். எடையைக் கேட்டார், தண்ணீர் குடிக்கிறாளா என்று கேட்டார். தொடரச் சொன்னார். அம்மனை நினைத்துக்கொண்டு ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினேன். அவள் அழுதுகொண்டே விழுங்கினாள்.

முடிவு வந்த அன்று டாக்டர், “குடலுக்குள்ள விரல் விரலா இருக்க வேண்டியது தேஞ்சிருக்கு. சீலியாக்தான். இனிமே கோதுமை, மைதா, ரவை எதுவும் கூடாது. ஆயுசுக்கும்” என்றார். நோய் இருக்கிறது என்று கேட்டு யாராவது கும்பிடுவார்களா? நான் கும்பிட்டேன்.

இப்போது அவள் பள்ளிக்கு ஏற்றத்தில் ஓடுகிறாள். சாமைதான் அவளுக்குச் சோறு. நேர்ந்தபடி அடுத்த ஆடியில் பொங்கல் வைத்தபோது, தானியம் கொடுத்தவளுக்கு நன்றி சொல்லி, நான் சொன்ன பொய்க்கு மன்னிப்பும் கேட்டேன்.

போன மாதம் ஒடுகத்தூரில் ஒரு உறவுக்காரர், என் கதையைப் பாதி கேட்டுவிட்டு, வயிற்று வலி என்ற தன் பிள்ளைக்கு டாக்டரைப் பார்க்காமலே கோதுமையை நிறுத்திவிட்டார். அதைக் கேட்ட பயத்தில்தான் இதை எழுதி முடித்தேன். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் சாமை குணமாக்கிய கதையாக மாற்றிவிடாதீர்கள். பரிசோதனை முடியும்வரை நிறுத்தக்கூடாது என்பதையும், டாக்டர் கேட்டபோது நான் பொய் சொன்னதையும் விட்டுவிடாமல், இருப்பது இருந்தபடியே சொல்லுங்கள்.