காய்ச்சல் வராத உப்பளக்காரர்

ஒரு சொட்டு ரத்தத்தில் லட்சக்கணக்கில் கிருமிகள் இருக்கலாம் என்று நர்ஸ் படிப்பிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பரீட்சையில் எழுதியதோடு சரி. அது எனக்கு உறைத்தது 2005இல், மரக்காணத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் வேலை பார்த்தபோதுதான்.

வெள்ளிக்கிழமைதோறும் புதுச்சேரியிலிருந்து கல்லீரல் டாக்டர் ஒருவர் வருவார். அவரிடம் ஹெபடைடிஸ் சி நோயாளிகள் இரண்டு பேர். ஒருவர் லாரி டிரைவர். அவருக்கு எச்.ஐ.வி.யும் இருந்தது, அரசு மருத்துவமனையில் அப்போதுதான் இலவசமாகத் தரத் தொடங்கியிருந்த மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் உப்பளத்தில் வேலை செய்பவர். அவருக்கு சி மட்டும்தான். பல வருஷங்களுக்கு முன் முதுகுவலிக்கு யாரோ போட்ட, ஒழுங்காகக் கொதிக்க வைக்காத ஊசியால் வந்தது. என் தொழிலைச் செய்த ஒரு கையிலிருந்து வந்த நோய் என்பதால் அவரைப் பார்த்தாலே எனக்குக் கூச்சம். அதை மறைக்க அவரைக் கொஞ்சம் அதிகமாகவே அதட்டுவேன்.

இரண்டு பேருக்கும் ஒரே சிகிச்சை. தினமும் மாத்திரை, வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி. மருந்து ஓர் அறக்கட்டளையிலிருந்து வந்தது, மாதத்துக்கு நான்கு குப்பிகள். டிரைவர் தன்னுடையதை எங்கள் ஃபிரிட்ஜிலேயே விட்டுவிட்டார். வீட்டுக்கு எடுத்துப்போனால் என்ன ஏது என்று கேட்பார்கள். உப்பளக்காரருக்கு எங்கள் ஃபிரிட்ஜ் மேல் நம்பிக்கையில்லை. கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் ஊர்.

“என் மருந்து என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும் சிஸ்டர். பக்கத்துல அனுமந்தையில மச்சான் மீன் புடிக்கக் கடலுக்குப் போறாரு. தெனமும் ஐஸ் வாங்கியாந்து மீன் பொட்டியில போட்டு வெச்சுடுவேன்” என்றார்.

“சரிண்ணா. ஆனா நல்லா ஜில்லுன்னு இருக்கணும். எவ்ளோ ஜில்லுன்னு வெக்கிறீங்களோ அவ்ளோ நல்லது.”

இதை நான்தான் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை.

ஊசி போட்ட மறுநாள் டிரைவர் சுருண்டு விழுந்துவிடுவார். குளிர்காய்ச்சல், உடம்பெல்லாம் வலி, இரண்டு நாளைக்குச் சாப்பாடே இறங்காது. உப்பளக்காரருக்கு ஒன்றுமே ஆகாது. மறுநாளே காலில் உப்புத்தண்ணீர் ஏற, வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருப்பார். “உப்பளத்து உடம்புண்ணா உங்களுக்கு” என்று நான் பாராட்ட, அவருக்குப் பெருமை பிடிபடாது. அவர் கொண்டுவந்த குப்பி ஒன்றில் ஒருமுறை மெல்லிய விரிசல் இருந்தது. சைக்கிளில் குலுக்கி எடுத்து வந்திருக்கிறார் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் இருவர் ரத்தத்தையும் சென்னைக்கு அனுப்பினோம். எச்.ஐ.வி. இருப்பவருக்குத்தான் மருந்து வேலை செய்வது கஷ்டம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வந்த தாளில் எல்லாம் தலைகீழாக இருந்தது. டிரைவரின் ரத்தத்தில் சி வைரஸ் கண்ணில் படவே இல்லை. உப்பளக்காரரின் ரத்தத்தில் ஏறக்குறைய பழைய எண்ணிக்கையே.

“இந்த வைரஸ் தன்னை நகல் எடுக்கறப்ப தப்புத் தப்பாத்தான் எடுக்கும்மா. அந்தத் தப்புல ஏதோ ஒண்ணு மருந்துக்குப் பிடிகொடுக்காம நழுவிடும். தப்புதான் அதுக்குப் பலமே” என்றார் டாக்டர். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, மூளை இல்லாத ஒன்று, இத்தனை படித்தவர்களை ஏய்க்கிறதே என்று வியந்தேன்.

ஆனால் அதற்கு அடுத்து அவர் சொன்னது இடி. “அவருக்கு நிறுத்திடலாம். பிடிக்காத மருந்தக் குத்திப் புண்ணியமில்ல.” வேறு மருந்து அன்றைக்குக் கிடையாது. கல்லீரல் சுருங்கத் தொடங்கியிருந்த மனிதருக்கு அதோடு கதவு அடைத்த மாதிரிதான்.

சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மிச்சமிருந்த இரண்டு குப்பிகளையும் திரும்ப வாங்கிவர வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் மொபெட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

அவர் மீன் பெட்டியின் முன் குந்தியிருந்தார். புது ஐஸை உடைத்துப் போட்டுவிட்டு, பக்கத்துச் சாக்கிலிருந்து ஒரு கை உப்பை அள்ளி, சோற்றுக்குப் போடுவதுபோல அதன்மேல் தூவினார்.

“எதுக்குண்ணா உப்பு?”

“உப்பு போட்டாத்தான் சிஸ்டர் ஐஸுக்கு வேகம் வரும். மீனே கல்லாப் பூடும். நீங்கதான நல்லா ஜில்லுன்னு வெக்கச் சொன்னீங்க.”

பெட்டிக்குள் கை விட்டேன். ஃபிரிட்ஜ் குளிர் இல்லை அது, விரல் எரிந்தது. குப்பியை எடுத்துச் சாய்த்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை. மருந்து வெள்ளையாக உறைந்து கிடந்தது. உறைந்தால் செத்துப்போகும் மருந்து. வெள்ளிக்கிழமை காலையில் அவர் அதை ஈரத்துணியில் சுற்றி, வெயிலில் சைக்கிள் மிதித்து என்னிடம் வருவதற்குள் தண்ணீராகிவிடும். அதைத்தான் நான் பன்னிரண்டு வாரமும் குத்தியிருக்கிறேன். மருந்து உறைந்து விரிந்ததால் விழுந்த அந்த விரிசல், மருந்து வேலை செய்தால் வரவேண்டிய, இவருக்கு மட்டும் வராத காய்ச்சல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குப் புரிந்தது.

நான் நெல் விளையும் கிளியனூர்க்காரி. எனக்கு உப்பு என்றால் சமையலறை டப்பா. ஐஸையே இன்னும் குளிரவைக்கும் சக்தி அந்தக் கல்லுப்பில் இருக்கிறது என்று இவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பயமும் வெட்கமும் வியப்புமாக அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூத்திலிருந்து டாக்டருக்குப் போன் போட்டு, நான் சொன்ன வார்த்தையையும் மறைக்காமல் சொன்னேன். “பாவம், வைரஸ் மேல பழி போட்டுட்டோம். முதல் வாரத்துலேருந்து ஆரம்பிம்மா” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அறக்கட்டளையிலிருந்து புதிதாக வந்து எங்கள் ஃபிரிட்ஜிலேயே இருந்த குப்பியை அவருக்குப் போட்டேன். சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவர் மனைவி ஆவேசமாக வந்து நின்றார்.

“என்னா ஊசிம்மா போட்ட? மனுசனத் தூக்கித் தூக்கிப் போடுது. மூணு போர்வை போத்தியும் அடங்கல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு வந்த கோபத்தில் அடிக்காமல் விட்டதே பெரிது. மொபெட்டின் பின்னால் அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு விரைந்தேன்.

கத்திரி வெயில். வெளியே உப்புக் குவியல்களைக் கண் கொண்டு பார்க்க முடியவில்லை. உள்ளே உப்பளக்காரர் போர்வைக்குள் பல் கிடுகிடுக்கக் கிடந்தார். நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.

“சிஸ்டர், இதானா டிரைவருக்கு வர்ற காய்ச்சல்?”

“ஆமாண்ணா. அதேதான்.”

அவர் ஏதோ புரிந்ததுபோல் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வந்த தாளில் அவர் ரத்தத்திலும் வைரஸ் இல்லை என்றுதான் இருந்தது. ஆனால் அன்றைக்கு, அது வர இன்னும் பன்னிரண்டு வாரம் இருந்தது. நான் கையை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு காய்ச்சலைத் தொட்டுச் சந்தோஷத்தில் அழுதது என் வேலையில் அந்த ஒரு நாள்தான்.