ஸ்டிக்கரில் எழுநூற்றைம்பது

மலாய் நாட்டில், கோலா சாவா பக்கத்துத் தோட்டமொன்றில், ரப்பர் மரங்களுக்குக் கந்தகத்தூள் ஊதும் கும்பலில் பதினாறு வருடம் முதுகில் பம்பு சுமந்தவள் பஞ்சாலை. எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் அந்த டூ-ஸ்ட்ரோக் பம்பு நினைத்த இடத்தில் நின்றுவிடும். ஃபிட்டர் ரெம்பாவிலிருந்து வாரம் ஒருமுறைதான் வருவார். பொறுமை இல்லாத பஞ்சாலை தானே திறந்து பார்த்தாள். முதலில் பிளக், பிறகு கார்புரேட்டர், ஒருநாள் பிஸ்டனே கையில் வந்துவிட்டது. அதையும் திருப்பி வைத்து ஓட்டினாள். அதற்குப் பிறகு கும்பலை மேய்க்கும் மண்டோர் ஃபிட்டருக்குக் காத்திருக்கவில்லை.

எழுதியிருப்பதை நம்பாத குணம் அவளுக்கு. லோபாக்கில் விசுவநாதனின் ஹார்ட்வேர் கடைக்குப் பிளக் வாங்க வந்தால், பத்துப் பெட்டியைப் பிரித்து ஒன்பதைத் திருப்பித் தருவாள்.

"அக்கா, பெட்டியில ஒரிஜினல்னு போட்டிருக்கு லா!"

"பெட்டி ஒரிஜினல்தான் தம்பி. உள்ள இருக்கிறதுதான் வேற."

தொண்ணூற்று மூன்றாம் வருடம் இந்த விசுவநாதனுக்கு ஜெட் ஸ்கீ ஆசை பிடித்தது. போர்ட்டிக்சன் கடற்கரையில் ஒருவர் விற்கிறார், ரேஸ் எஞ்சின் என்கிறார். விசுவநாதனுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்த ஒரே ஆளிடம் வந்தான்.

"நான் கடலையே ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன்," என்றாள் பஞ்சாலை.

"எஞ்சினைப் பாத்தா போதும்க்கா."

ஞாயிற்றுக்கிழமை காலை அவனுடைய வேனில் புறப்பட்டார்கள். அவள் புருஷன் அர்ச்சுனனும் சும்மா இருக்க முடியாமல் ஏறிக்கொண்டான். அவள் பையில் ஸ்பேனர்கள், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், ஒரு சைக்கிள் கம்பி, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ராமசாமியிடம் இரவல் வாங்கிய பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி எல்லாம் இருந்தன. கழுவித் தர வேண்டும் என்று டிரசர் மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார்.

விற்பவர் பெயர் வீரமுத்து. கடற்கரையில் படகுகளை வாடகைக்கு விடுபவர். தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில், சவுக்கு மரத்தடியில் டிரெய்லர் மேல் நின்றது ஜெட் ஸ்கீ. பக்கவாட்டில் நெருப்பு ஜுவாலை, அதன் நடுவே 750 என்று பெரிய ஸ்டிக்கர்.

"சிங்கப்பூர்ல மாடிஃபை பண்ணது. எழுநூத்தம்பது சிசி. பறக்கும்!" என்றார் வீரமுத்து.

பஞ்சாலை இரண்டு பிளக்கையும் கழற்றினாள். வலது பக்கத்தது காப்பி நிறம். இடது பக்கத்தது சுண்ணாம்பு போல வெள்ளை. "இந்தப் பக்கம் ரொம்பச் சூடாகுது," என்றாள். பிறகு பிளக் ஓட்டையில் சைக்கிள் கம்பியை விட்டு, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றி, பிஸ்டன் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று நகத்தால் குறித்து அளந்தாள். எழுபது மில்லிமீட்டர். விசுவநாதன் கொண்டுவந்த எஞ்சின் கையேட்டு நகலில் எழுநூற்றைம்பதுக்கு எழுபத்துநாலு என்று இருந்தது.

"இது அறுநூத்தம்பது எஞ்சின். ஸ்டிக்கர் மட்டும்தான் எழுநூத்தம்பது."

வீரமுத்து சிரித்தார். கேஜ் வைத்ததும் சிரிப்பு குறைந்தது. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டிய அழுத்தம் வலது பக்கம் நூற்றைம்பது, இடது நூற்றிருபது. கடைசியில் புகைக்குழாயைக் கழற்றி, டிரசரின் கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தாள். இடது பக்கம் புகை போகும் வாயை யாரோ அரத்தால் ராவி அகலமாக்கியிருந்தார்கள். வலது பக்கம் கம்பெனியில் செய்தது செய்தபடியே இருந்தது. இடது பிஸ்டனில் நெடுக்குக் கீறல்கள்.

"ஒரு பக்கம் செஞ்சிட்டுச் சாப்பிடப் போன ஆள் திரும்பி வரல," என்றாள். "முழு வேகத்துல பத்து நிமிஷம் ஓட்டினா இடது பிஸ்டன் இறுகிப் பிடிச்சுக்கும்."

வீரமுத்துவுக்கு முகம் சிவந்தது. "பம்பு வேற, கடல் வேறம்மா. தண்ணில ஓட்டிப் பாத்துட்டுப் பேசுங்க."

"தம்பி ஓட்டட்டும். நானும் பின்னால உக்காந்து காதால கேக்கறேன்."

தான் சொன்னது சரியாக இருந்தால் நடுக்கடலில் நிற்க வேண்டியிருக்கும் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. குழாயையும் பிளக்குகளையும் மாட்டினாள். கைலிக்கு மேல் மிதவைச் சட்டையைக் கட்டிக்கொண்டு விசுவநாதனுக்குப் பின்னால் ஏறினாள். அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டான். கரையிலிருந்து அர்ச்சுனன், "கெட்டியாப் பிடிச்சுக்க புள்ள!" என்று கத்தினான்.

கொஞ்ச தூரம் பறக்கத்தான் செய்தது. விசுவநாதன் சந்தோஷத்தில் கூவினான். பஞ்சாலை கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினை மட்டும் கேட்டாள். எட்டாவது நிமிடம் சத்தம் கொஞ்சம் மெலிந்தது.

"தம்பி, குறை! பிடிக்கப் போவுது!"

காற்றில் அது, "நல்லாப் பிடி" என்று அவன் காதில் விழுந்தது. அவன் இன்னும் முறுக்கினான். கிரீச் என்று ஒரு சத்தம். அப்புறம் அலைச் சத்தம் மட்டும்.

"நான் சொன்னேன்ல! இடது பிஸ்டன்!" பஞ்சாலை அவன் முதுகில் ஓங்கி அடித்தாள். பிறகுதான் கரை எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். அர்ச்சுனன் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தான். விசுவநாதனின் தோளை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். "உனக்கு நீஞ்சத் தெரியுமா தம்பி?"

"தெரியாதுக்கா."

"தெரியாம எதுக்குடா இதை வாங்க வந்தே?"

"மூழ்காதுன்னு சொன்னாங்க."

அரைமணி நேரம் ஆடிக்கொண்டே கிடந்தார்கள். பயத்தை மறக்க அவள் சீட்டைத் தூக்கி எஞ்சினைப் பார்க்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று அவன் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். கடைசியில் மீன் பிடித்துத் திரும்பிய மலாய்ப் பெரியவர் ஒருவர் படகை அருகே விட்டு, "மிஞாக் ஹாபிஸ் கா?" என்று கேட்டார், எண்ணெய் தீர்ந்ததா என்று.

"தாக், பாக்சிக். பிஸ்டன் கீரி," என்று இடது பக்கத்தைக் காட்டினாள் பஞ்சாலை, இல்லை பெரியவரே, இடது பிஸ்டன் என்று. நடுக்கடலிலும் விவரம் சரியாக இருந்தது. அவர் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தார்.

"நீங்கதான் உடைச்சீங்க," என்று ஆரம்பித்தார் வீரமுத்து. பஞ்சாலை ஈரக் கைலியோடு மணலில் உட்கார்ந்து எஞ்சின் மண்டையைத் திறந்தாள். இடது பிஸ்டன் அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்தது. வலது பக்கம் சுத்தமாக இருந்தது. அவள் முன்பே சொன்னதைத் தேத்தண்ணிக் கடையில் நின்ற அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். வீரமுத்து தலையைச் சொறிந்தார்.

"சிங்கப்பூர்ல இல்லம்மா. நான்தான் ராவினேன். இடது முடிஞ்சுது, அரம் உடைஞ்சு போச்சு."

அவர் வெட்கப்பட்டதைப் பார்த்ததும் பஞ்சாலைக்கும் கோபம் போய்விட்டது. "கை சுத்தமாத்தான் இருக்கு. அளவுதான் தெரியல," என்றாள்.

விசுவநாதன் ஜெட் ஸ்கீ வாங்கவில்லை. ஆனால் மறுவாரம் வீரமுத்து அந்த எஞ்சினை அரிசிச் சாக்கில் கட்டி மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டார். பஞ்சாலை இரண்டு பக்கத்தையும் ஒரே அளவாக்கி, புதுப் பிஸ்டன் போட்டு ஓடவைத்தாள். அதன்பின் போர்ட்டிக்சன் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. லய வீட்டு வாசலில் தண்ணீர் டிரம்முக்குள் அவை அலறும்போது, ஆபீசில் கணக்குக் கூட்ட முடியவில்லை என்று கிராணி ஆள்விட்டுத் திட்டுவார்.

வேலை முடிந்த எஞ்சினைக் கடலில் ஓட்டிக் கேட்காமல் அவள் ஒப்படைப்பதில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்: இடுப்பளவு தண்ணீருக்கு அப்பால் போகக்கூடாது. ஓட்டுபவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, கரையோரமாக அவள் கண்ணை மூடிக்கொண்டு போவாள். அவளுக்கு இணையாக மணலில் மூச்சிரைக்க ஓடுவான் அர்ச்சுனன்.