பிரஷர் பார்க்கும்போது திட்டினேன்

என் மகள் பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாலையில் நர்ஸ் பயிற்சிக்குப் போகிறாள். காலையில் அண்ணனூரில் ரயிலுக்கு ஓடுமுன் என் கையில் பட்டையைச் சுற்றி, பிரஷர் பார்த்துப் பழகுவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அன்று பட்டை இறுக இறுகத் திட்டினேன். “ஒரு வேல போதாதாடி? துன்னவே நேரமில்ல, உனுக்கு இன்னாத்துக்குப் படிப்பு?”

“அய்யோ, பிரஷர் எகிறிக்கீது! கெளம்பும்மா!”

பரீட்சைக்குப் படிக்க வைத்திருந்த ஒரே லீவைப் போட்டு என்னை டாக்டரிடம் இழுத்துப்போனாள். அங்கே கூச்சத்தில் நான் வாயே திறக்கவில்லை. பிரஷர் சரியாக இருந்தது.

“வீட்ல பாக்கும்போது பேசினீங்களாம்மா? பேசினா ஏறும்” என்றார் டாக்டர்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “கிளாஸ்ல சொன்னாங்க டாக்டர். ரயில் அவசரத்துல மறந்துட்டேன். இது பேசல, சண்டையே போட்டுச்சு!”

அடுத்த வாரம், படிக்க நேரமின்றி, வேலையிலிருந்து நேராகப் பரீட்சைக்கு ஓடினாள். எனக்குக் கோபம் இன்னும் வருகிறது. யார்மேல் என்று அவளிடம் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.