மூணாவது கிராஸில் ஒரு சந்தேக நடை

மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்தபோது சித்தூர் மார்க்கெட் வாசலில் வழுக்கி விழுந்தேன். வாழைப்பழத் தோலாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். மாம்பழத் தோல் என்பதால் "பெங்களூராவா, நீலமா?" என்று இரண்டு பேர் குனிந்து ஆராய்ந்த பிறகுதான் என்னைத் தூக்கிவிட்டார்கள்.

கணுக்கால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் கட்டு. பிரித்ததும் திருப்பதியில் ஒரு பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போனோம். "தினம் சாயந்திரம் அரை மணி நேரம் நடங்க. வேகம் வேணாம். எங்கயும் போய்ச் சேரணும்னு நினைக்காம, சும்மா நடங்க" என்றார்.

நான் டிகிரி காலேஜில் இங்கிலீஷ் பாடம் எடுப்பவள். மெடிக்கல் லீவில் வீட்டில் கிடந்து மூளை துருப்பிடித்திருந்தது. சும்மா நடப்பதற்கு இங்கிலீஷில் எத்தனை வார்த்தை இருக்கிறது என்று திரும்பி வரும் பஸ்ஸிலேயே போனில் தேட ஆரம்பித்தேன். பாகாலா வருவதற்குள் முப்பது தாண்டிவிட்டது. கவலையில்லாமல் உலாத்தினால் சான்டர். ஆடி அசைந்து போனால் ஆம்பிள். ஸ்காட்லாந்துக்காரர்கள் நொண்டி நடப்பதற்கென்றே ஹிர்பிள் என்று ஒன்றும், காரணமில்லாமல் ஊர் சுற்றுவதற்கு ஸ்ட்ரவெய்க் என்று ஒன்றும் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஏதோ ஒரு மூலைக் கிராமத்தில் மெல்ல நடப்பது சூடில். எனக்கு ஒரே குஷி. ஒரு நாளுக்கு ஒரு வார்த்தையாக நடப்பது என்று அந்தப் பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

சமையலறைக் காலண்டரில், வீட்டுக்காரருக்கும் புரியட்டும் என்று அந்த வார்த்தைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்தேன். அவர் குடிபாலாக்காரர். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசர். காபி குடித்துக்கொண்டே காலண்டரைப் படித்தார்.

"இன்னாது, புதன்கிழமையும் டாடில், வியாழக்கிழமையும் டாடில்?"

"அது வேற, இது வேறங்க. ஒண்ணு வழியில நின்னு நின்னு நேரத்தை ஓட்டறது. இன்னொண்ணு கொழந்தை மாதிரி தத்தித் தத்தி நடக்கறது."

"ரெண்டும் ஒண்ணாத்தான் எழுதிக்கினுகீற."

"தமிழ்ல எழுதினா அப்படித்தாங்க வரும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

எங்கள் வீடு வேலூர் ரோட்டை ஒட்டிய புது லேஅவுட்டில். கிராஸ் என்கிற குறுக்குத் தெரு மூன்று, நாற்பது வீடு. நாங்கள் குடிவந்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதில் ஆறு வாரம் நான் கட்டிலில். ஆகவே என்னை அங்கே யாருக்கும் தெரியாது. இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை சான்டர். தூசிக்காகத் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, ஒவ்வொரு வீட்டையும் பார்த்துக்கொண்டே உலாத்தினேன். செவ்வாய் ஹிர்பிள். இதற்கு நடிப்பே தேவைப்படவில்லை, கால் அப்படித்தான் இருந்தது. புதன்கிழமை கேட்டுக்குக் கேட் நின்று செம்பருத்தியையும் நாய்களையும் வேடிக்கை பார்த்தேன். வியாழன் தத்தித் தத்தி. வெள்ளிக்கிழமை டாட்டர், அதாவது தள்ளாட்டம். மூணாவது கிராஸில் ஒரு கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நிஜமாகவே மூச்சு வாங்கியதால்.

சனிக்கிழமை காலையில் வீட்டுக்காரர் போனை நீட்டினார். லேஅவுட் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் மட்டும்தான் இருக்கிறார். "பாரு, முகத்தை மூடிக்கினு ஒரு பொம்பள நம்ம தெருவுலயே சுத்திக்கினுகீறாளாம். ஒரு நாள் நல்லா நடக்கறாளாம், ஒரு நாள் நொண்டறாளாம், நேத்து ஃபுல் போதையாம். திருட்டுக்கு வீடு பாக்கறான்னு செகரட்டரி போட்டுகீறாரு. நீ தனியா நடக்கப் போவாத."

மங்கலான சிசிடிவி வீடியோ. கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி ஒரு உருவம்.

"அது நான்தாங்க."

அவர் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார். "சுடிதார் நம்முளுது மாதிரிதான் கீது" என்றார் மெதுவாக. பதினெட்டு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்த மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பார்க்கில் அசோசியேஷன் கூட்டம். நாங்களே போய் ஒப்புக்கொண்டோம். செகரட்டரி ரிடையரான ரெவின்யூ ஆபீசர். பிளாஸ்டிக் சேரில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். முதலில் வாட்ச்மேனைக் கேட்டார்.

"மேடம் தச்சாடுதுன்னாரு சார்" என்றார் வாட்ச்மேன். வேலையில்லாமல் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவதற்குத் தெலுங்கில் தச்சாடுவது என்று பெயர். பெரும்பாலும் திருடர்களுக்குத்தான் அந்த வார்த்தை.

"காது, தூலுதுன்னாரு" என்றார் இரண்டாவது கிராஸ் அம்மா. இல்லை, தள்ளாடினார் என்கிறார்.

"தள்ளாட்டம் வெள்ளிக்கிழமைதான்கா. வியாழக்கிழமை கொழந்தை நடை" என்று நான் திருத்தினேன். வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார்.

கால் கதையையும் இங்கிலீஷ் வார்த்தைகளையும் விளக்கினேன். எல்லோரும் கேட்டார்கள், ஒருவரும் நம்பவில்லை. செகரட்டரி பேனாவை மூடினார். "ஒகசாரி நடிச்சி சூபிஞ்சண்டி."

ஒரு தடவை நடந்து காட்டுங்கள் என்கிறார். தெலுங்கில் நடிச்சி என்றால் நடந்து. எங்கள் வீட்டுக்காரரின் தமிழ்க் காதில் அது நடித்துக் காட்டு என்று விழுந்திருக்கிறது. "அவளுக்கு நடிக்கல்லாம் வராது சார்!" என்று ஆவேசமாக எழுந்துவிட்டார். அவரை உட்கார வைக்கவே ஐந்து நிமிஷம் ஆனது.

நான் நடந்து காட்டினேன். வெட்கத்தில் ஐந்து வார்த்தையும் ஒரே மாதிரி வந்தது. அப்போதுதான் வாட்ச்மேன், "அட்ல காது மேடம், அப்படி இல்ல" என்று விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, தானே நடந்தார். திங்கட்கிழமை நடந்தார், செவ்வாய்க்கிழமை நொண்டினார், புதன்கிழமை ஒரு செடியை நின்று பார்த்தார். வெள்ளிக்கிழமைக்குச் சறுக்குமரத்தின் கம்பியைக் கட்டிப்பிடித்தார். ஐந்து நாளும் அச்சு அசலாக நான். என் பின்பக்கம் அப்படி ஆடும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. கூட்டம் கைதட்டியது. நானும் விசிலை வைத்துக்கொண்டே தட்டினேன்.

அதற்குப் பிறகு கூட்டம் கைமீறிப் போயிற்று. நகரியில் பவர்லூம் வைத்திருந்த தாத்தா ஒருவர் எழுந்து, அசல் தள்ளாட்டம் எப்படி இருக்கும் என்று காட்டினார். செகரட்டரி தன் முட்டிவலி நடைக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று கேட்டார். "ஹிர்பிள் சார்" என்றேன். "ஹிர்பிள், ஹிர்பிள்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, ஏதோ பதவி உயர்வு கிடைத்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நோட்டில் தீர்மானம் எழுதினார்கள்: மேடம் எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம், ஆனால் அன்றைய நடை என்ன என்பதை முன்கூட்டியே குரூப்பில் தெரிவிக்க வேண்டும். அன்றே என்னையும் குரூப்பில் சேர்த்தார்கள்.

ஒரு மாதம் ஒழுங்காகத் தெரிவித்தேன். "இன்று ஆம்பிள்." கீழே பத்துப் பன்னிரண்டு கட்டைவிரல். சூடில் போட்ட நாளில் மட்டும் இரண்டாவது கிராஸ் அம்மா, பால் எதற்குச் சூடு பண்ண வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தார்.

கால் சரியாகிக் காலேஜுக்குத் திரும்பிய முதல் நாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் விறுவிறுவென்று நடந்தேன். வாட்ச்மேன் பதறிப்போய் ஓடிவந்தார். "ஏமய்ந்தி மேடம்? வீட்ல எல்லாம் நல்லாத்தான கீறாங்க?"

நல்லாத்தான் இருக்கிறோம் என்று சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. அவரே ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி, எனக்கு முன்சீட்டில் இடம் பிடித்துக் கொடுத்தார்.