நிற்காமல் ஓடிய ஞாயிற்றுக்கிழமை

கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஒரு கேள்வி வந்து நிற்கும். அதன் கீழே பதிலுக்கு ஒரு கோடு. நான் பதில் அடிக்கும்வரை எங்கள் கிடங்கிலிருந்து ஒரு மருந்துப் பெட்டிகூட நகராது. ஈஜிபுராவிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, மருந்து விநியோகக் கம்பெனியின் பழைய சர்வரில் அன்றைய ஆர்டர்களை ஓடவிடுவதுதான் பதினோரு வருடமாக என் வேலை. நடுவில் அது ஐந்து இடத்தில் நின்று கேட்கும். பிரிண்டரில் சரியான தாள் இருக்கிறதா, நேற்றைய பட்டியலை அழிக்கலாமா என்று. எல்லாம் எனக்கு அத்துப்படி. யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கை காட்டுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சமென்ன, நிறையவே.

பிறகு பக்கத்து சீட்டுக்கு அவள் வந்தாள். காக்ஸ் டவுன்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள், சர்ச்சில் பாடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை வேலை முறை தனக்கு வந்தால் முகம் தொங்கிப்போகும். ஆறே மாதத்தில், நாங்கள் கையால் அடிக்கும் கட்டளைகளையெல்லாம் வரிசையாக ஒரு ஸ்கிரிப்டில் எழுதிவிட்டாள். சனிக்கிழமை நேரம் குறித்து வைத்துவிட்டால் போதும், மறுநாள் காலை அது தானாக ஓடும். எங்கேயும் நிற்காது, யாரையும் கேட்காது, எல்லாக் கேள்விக்கும் ‘தொடரவும்’ என்று தானே பதில் சொல்லிக்கொள்ளும்.

“இனிமே நம்ம ரெண்டு பேருக்கும் சண்டே லீவுண்ணா!” என்றாள். ஆபீஸே கை தட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. வீட்டில் சொன்னால் என் மனைவி, “யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்” என்கிறாள். அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

ஓடவிடுவதற்கு முன் ஸ்கிரிப்டை அச்சடித்து என்னிடம்தான் கொடுத்தாள். “ஒருவாட்டி பாத்துடுங்கண்ணா. எதாச்சும் விட்டிருந்தா சொல்லுங்க.”

விட்டிருந்தாள். ஓசூர் கிளையின் ஆர்டர்கள் வந்து சேராவிட்டால் சர்வர் நின்று, தொடரவா என்று கேட்கும். அப்போது ‘தொடரவும்’ என்று அடித்துவிடக் கூடாது. ஓசூருக்குப் போன் போட்டு, அனுப்பச் சொல்லி, வந்த பிறகே அடிக்க வேண்டும். வருடத்தில் நாலைந்து முறைதான் இப்படி நடக்கும். இது எந்தக் குறிப்பிலும் இல்லை, என் தலையில் மட்டும்தான் இருந்தது. அந்த வரி மேல் என் விரல் நின்றது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. “சரியாத்தான்ம்மா இருக்கு” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

மூன்று ஞாயிறு ஒழுங்காக ஓடியது. நான்காவது ஞாயிறு ஓசூர் ஆர்டர்கள் வரவில்லை. சர்வர் நிற்கவில்லை. திங்கட்கிழமை லாரி ஓசூர்க் கடைகளுக்கான இன்சுலின் இல்லாமலே கிளம்பிப் போயிருந்தது. காலையிலிருந்து போன் அலறியது. ஒரு கடைக்காரர், காத்திருந்த கிழவர் ஒருவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதாகச் சொன்னார். அதை நான்தான் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அப்போதும் உள்ளுக்குள் ஒரு குரல், மாட்டினாளா என்றது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் சொன்னது.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவள் கண் கலங்கியிருந்தது. என் பக்கம் திரும்பி, “அண்ணா, ஓசூருக்கு நிறுத்தணும்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

தெரியும் என்றால் ஏன் சொல்லவில்லை என்று வரும். “தெரியாதும்மா” என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. “அண்ணாவுக்கே தெரியல சார். எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள். மேனேஜர் அவளை விட்டுவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் என்னைக் கேட்டார். “ஏன்ரீ, பதினோரு வருஷமா அதே சீட்ல உக்காந்திருக்கீங்க. இது கூடவா கொத்தில்ல?”

தெரியாது சார் என்று மறுபடியும் தலையாட்டினேன்.

மத்தியானத்துக்குள் அவள் ஸ்கிரிப்டைத் திருத்திவிட்டாள், அந்த ஓர் இடத்தில் மட்டும் நிற்கும்படி. பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, ஒரு தாளில் படம் வரைந்து, சர்வர் ஏன் நிற்கிறது, நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். குரலில் துளி ஏளனம் இல்லை. ஏளனம் செய்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். “இப்ப புரியுதாண்ணா?” என்றாள். புரிகிறது என்றேன். ஓசூர் கிளையின் போன் நம்பரை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, அந்தப் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதி, என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினாள்.

தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் அந்த நம்பரை.

“தேங்க்ஸ்ம்மா” என்றேன்.