கூப்பிடக்கூடாத எண்

மைசூரில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் எனக்கென்று ஒரு நாற்காலியும், ஒரு ஹெட்போனும், நான்கு தாள் பட்டியலும் கொடுத்தார்கள். பட்டியலில் வெறும் எண்கள். ஒவ்வொன்றையும் அழைத்து, ரிங் ரோட்டுக்கு அப்பால் எங்கள் கம்பெனி போட்டிருந்த வீட்டுமனைகளைப் பற்றிக் கன்னடத்தில் சொல்ல வேண்டும். எதிர்முனையில் தமிழ் கேட்டால் தமிழுக்கு மாறிக்கொள்ள வேண்டும். தமிழர்கள் நிறைந்த மார்டள்ளி கிராமத்துக்காரி நான் என்பதால்தான் அந்த வேலையே கிடைத்தது. கொள்ளேகால், ஹனூர்ப் பக்கத்து எண்களெல்லாம் என் மேசைக்கு வரும். அப்படி வந்த ஓர் எண்தான் டாக்டரம்மாவுடையது.

முதல் மணி அடித்து ஓய்வதற்குள் எடுத்துவிட்டார். நான் வணக்கம் சொல்லும் முன்பே, "எந்த ஊருங்க? மாட்டுக்கு என்ன?" என்றார். மனப்பாடம் செய்திருந்த வரிகள் எனக்கு மறந்துபோயின. திக்கித் திணறி, மனை என்றேன். "ஏம்மா, நான் மாட்டு டாக்டர். விளம்பரக் கால் வேண்டாம்னு பதிவு பண்ணி வெச்சிருக்கேன். எனக்கு நீங்க கூப்பிடவே கூடாது" என்று கோபமில்லாமல் சொல்லிவிட்டு வைத்தார். நான் அந்த எண்ணைச் சிவப்பு மையால் அடித்து, 'கூப்பிட வேண்டாம்' என்று எழுதினேன். மேலாளர் அதைப் பார்த்துச் சிரித்தார். வேண்டாம் என்று பதிந்தவர்களின் எண்களை முன்கூட்டியே சரிபார்த்து நீக்கியாக வேண்டும் என்ற விதி அவருக்குத் தெரியாததல்ல. அந்த வம்பெல்லாம் எதற்கென்று, விளம்பர அழைப்புக்கெனக் கம்பெனியைப் பதிவுசெய்யாமல் சாதாரண சிம் கார்டுகளை வைத்தே அவர் அலுவலகத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் புதுத் தாளில் அதே எண் வந்தது. நாளொன்றுக்கு எத்தனையோ எண்கள், எது எவருடையது என்று யாருக்கு நினைவிருக்கும்? அழைத்தேன். பின்னால் லாரி இரைச்சல் கேட்டது. குரலை வைத்து ஆளைக் கண்டுகொண்டேன். அவரும் கண்டுகொண்டார்.

"வண்டிய ஓரங்கட்டிட்டு எடுத்தா, மறுபடி நீயா? காலைலருந்து நீ அஞ்சாவது ஆளு. எடுக்காமயும் விட முடியாது. மாட்டுக்காரங்க எல்லாருமே எனக்குத் தெரியாத நம்பர்லருந்துதான் கூப்பிடுவாங்க" என்றவர், "உன் பேரு வேண்டாம். கம்பெனி பேர மட்டும் சொல்லு. புகார் குடுக்கணும்" என்றார்.

அப்படி யாராவது கேட்டால் உடனே துண்டித்துவிட வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். எங்கள் வீட்டிலும் இரண்டு கறவை மாடுகள் இருந்தன. அப்பா பதற்றத்தோடு டாக்டருக்குப் போன் போடுவதும், அந்த நேரத்தில் நான் அவரிடம் மனை விற்றுக்கொண்டிருப்பதும் என் கண்முன் வந்தது. கம்பெனியின் பெயரைச் சொன்னேன். சரியாக விளங்கவில்லை என்றார். எழுத்துக்கூட்டியும் சொன்னேன்.

சில நாட்களில் அந்தப் புகாரால் எங்கள் இணைப்புகள் ஒவ்வொன்றாகச் செத்தன. மேலாளர் பதிவான உரையாடல்களைப் போட்டுக் கேட்டு என்னைப் பிடித்துவிட்டார். நான் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கணக்கை முடித்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன். ஊருக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வதென்றுகூட யோசித்துவிட்டேன். முதலாளி வந்தார். வக்கீலிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டு வந்தவர் போல முகம் தொங்கியிருந்தது. "பேர் சொன்னவ நீதானே? அப்ப பேர் எடுக்கற வேலையையும் நீயே பாரு" என்றார். கம்பெனி முறையாகப் பதிவுசெய்துகொண்டது. தினமும் காலையில் பட்டியலைச் சரிபார்த்து, வேண்டாம் என்றவர்களை நீக்குவது என் பொறுப்பாயிற்று. மேலாளர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

அடுத்த ஆண்டு மாதா கோவில் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தேர் முடிந்த மறுநாள் மதியம், எங்கள் தலையீற்றுக் கிடாரிக்கு, முதல் கன்றுக்கான வலி கண்டது. நெடுநேரம் முக்கியும் ஒரு கால் மட்டுமே வெளியே வந்தது. அப்பா என் போனைப் பிடுங்கி, பால் சொசைட்டிச் சுவரில் எழுதியிருந்த எண்ணுக்கு அடித்தார். "ஒத்தக் காலு மட்டும் தெரியுதுங்க, டாக்டரம்மா" என்று அவர் சொன்னபோது குரல் உடைந்தது. ராமாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். முழங்கைக்கு மேல் கையுறையை இழுத்துவிட்டபடி தன் போனை என்னிடம் நீட்டினார். "இத நீ புடி. அடிச்சா எடுத்து, எந்த ஊரு, மாட்டுக்கு என்னன்னு கேட்டு வை."

அப்போதுதான் குரல் பிடிபட்டது. போனை வாங்கிக்கொண்டேன்.

கன்றின் தலை பின்னால் திரும்பியிருந்தது. கன்றை மெல்ல உள்ளே தள்ளித் தலையை நேராக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் மூச்சுவிடாமல் தனிநபர் கடன் பற்றிச் சொல்லிக்கொண்டு போனாள். இது வேண்டாம் என்று பதிவு செய்த எண், உங்கள் கம்பெனியின் பெயர் என்ன என்று கேட்டேன். அவள் துண்டித்துவிட்டாள்.

"யாரு?" என்றார் டாக்டரம்மா, கையை எடுக்காமலே.

"லோன் வேணுமான்னு கேக்கறாங்க."

"எனக்கா, மாட்டுக்கா?"

அதுவரை கலங்கி நின்ற அப்பாவே சிரித்துவிட்டார். சிறிது நேரத்தில் கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்து தும்மியது. கிடாரிக் கன்று. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மா கை கழுவும்போது, "அந்த லோன்காரி மேல புகார் போடட்டுங்களா?" என்று கேட்டு, அவர் போனிலேயே எண், நேரம், விவரம் எல்லாம் அடித்து அனுப்பினேன். என் விரல் போன வேகத்தைப் பார்த்தவர், "உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" என்றார். இனி மறைத்து என்ன? சொல்லிவிட்டேன். சோப்பு நுரைக் கையோடு, மாடே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"எழுத்துக்கூட்டிச் சொன்ன புள்ள நீதானா? என் நம்பர எடுத்துட்டியா?"

"மொதல்ல அதத்தான் எடுத்தேங்க."

அம்மா கொடுத்த காபியைப் பாதி குடிப்பதற்குள் மறுபடி போன் வந்தது. இந்தமுறை உண்மையாகவே மாடு. ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டே, "இவங்க போன்லயும் விளம்பரக் கால் வேண்டாம்னு பதிவு பண்ணிக் குடும்மா" என்று, கன்றைப் பார்க்கக் கூடியிருந்த ஊர்க்காரர்களைக் காட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலைவரை எங்கள் வாசலில் போனும் கையுமாக ஆட்கள். கடைசியாக வந்தவர் மாமா. கடன், மனை, காப்பீடு, சுற்றுலா எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "டிராக்டர்காரங்க மட்டும் கூப்பிடட்டும்" என்றார். எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்துகொள்ள அதில் இடமிருந்தது. அப்படியே செய்துகொடுத்தேன்.

டாக்டரம்மா இப்போது குண்டலுபேட்டைப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். நான் அதே அலுவலகத்தில் அதே வேலையில் இருக்கிறேன். மாமா இன்றுவரை டிராக்டர் வாங்கவில்லை. கூப்பிடுகிறவர்களை மட்டும் அரைமணிக்குக் குறையாமல் விடுவதில்லை. குதிரைத்திறனைப் பற்றி அவரளவுக்குத் தெரிந்தவர் எங்கள் ஊரில் வேறு யாரும் கிடையாது.