ரெய்னோவின் வாசலில் விழுந்த வரப்பு

ரெய்னோ கல்லுங்கி முப்பத்தொரு வருடம் எங்கள் ஊரில் பனி தள்ளும் லாரி ஓட்டினார். சுப்பீரியர் ஏரியிலிருந்து வரும் காற்று நவம்பரில் பனியைக் கொட்டத் தொடங்கினால் ஏப்ரல் வரை ஓயாது. அவ்வளவு பனியையும் ரெய்னோ சாலையிலிருந்து ஒதுக்கினார். ஒதுக்கியதை எங்கள் வாசல்களில் வைத்தார். லாரி கடந்து போனதும் ஒவ்வொரு வீட்டுப் பாதையும் சாலையைத் தொடும் இடத்தில் இடுப்பளவு வரப்பு கிடக்கும். உப்பும் சேறும் கலந்த அது ஒரு மணி நேரத்தில் சிமென்ட் ஆகிவிடும். சாலை கண்ணாடி போல இருக்கும். அதில் போய் ஏறத்தான் யாராலும் முடியாது.

முறையிட்டால், "அது நான் போட்டதில்ல, காத்து கொண்டாந்தது. நல்ல மெஷினா வச்சுக்கத் தெரியாம என்னைத் திட்டுறீங்க" என்பார்.

அவருடைய நல்ல மெஷின், தோட்ட டிராக்டரின் முன்னால் மாட்டிய ஒற்றைக் கட்டப் பனிவீசி. அதில் பனியை வெட்டும் திருகே அதை வாரித் தூக்கியும் எறிந்துவிடும். இரட்டைக் கட்டத்தில் திருகு பனியை உள்ளே இழுத்துக் கொடுக்க, பின்னால் இருக்கும் விசிறி வாங்கி வீசும். "ஒருத்தன் செய்யற வேலைக்கு ரெண்டு பேரா? கவர்மெண்ட் ஆபீஸ் மாதிரி!" என்று சிரிப்பார், வாழ்நாள் முழுக்க அரசாங்கச் சம்பளம் வாங்கிய ரெய்னோ.

சென்ற மே மாதம் ஓய்வு பெற்றார். டிசம்பரில் முதல் பெரிய பனி விழுந்தபோது அவர் வாசலிலும் ஒரு வரப்பு எழுந்தது. ஒற்றைக் கட்டம் அதில் மூக்கை நுழைத்தது, இருமியது, பனியை வெளியே எறியும் குழாய் நிறைய ஈரப்பனியை அடைத்துக்கொண்டு நின்றது. ரெய்னோ இன்ஜினை அணைத்து, குச்சியால் குத்தி எடுத்தார். மறுபடி நின்றது. பெட்ரோல் சரியில்லை என்றார். பெல்ட்டை மாற்றினார், பிளக்கை மாற்றினார். மாற்றாமல் விட்டது தன் அபிப்பிராயத்தை மட்டும்தான்.

பிறகு ஜோலீனுக்கு ஃபோன் செய்தார். அவர் இடத்துக்கு வந்த புது டிரைவர் அவள். தொழில் கற்றுக்கொடுத்ததும் அவரே. இந்த உரையாடலை ரெய்னோவின் மனைவி வெர்னா சமையலறையில் இருந்த இன்னொரு ஃபோனில் கேட்டாள். ஆகவே மத்தியானத்துக்குள் நாங்களும் கேட்டுவிட்டோம்.

"ஜோலீன், என் வாசல் வரும்போது பிளேடைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கம்மா."

"முடியாது சார். ஒருத்தருக்குச் செஞ்சா தெருவே வரிசையில நிக்கும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"அது பொதுவாச் சொன்னது."

"ஆனா உங்க வீட்டுக்கிட்ட மட்டும் நீங்க திருப்பினீங்களே. பக்கத்து சீட்ல உக்காந்து நான் பார்த்தேன்."

"அன்னைக்குக் காத்து அடிச்சது."

"தினமுமா சார்?"

அந்த மெஷின் இத்தனை வருடம் எப்படி ஓடியது என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. வரப்பே விழாத ஒரே வாசலில், பஞ்சு போன்ற புதுப்பனியில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஊருக்கே நற்சான்று கொடுத்திருக்கிறார். கேள்வித்தாளைத் தானே எழுதி, தானே விடையெழுதி, தானே திருத்தியவர் வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறார். இதில் அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் விசேஷம்; உண்மையாகவே நம்பினார்.

வெர்னாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. காலை ஆறு மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தால்தான் நூற்று நாற்பது பிள்ளைகளுக்கும் லவங்கப்பட்டை ரொட்டி வேகும். டிசம்பரில் வரப்பினால் இரண்டு முறை தாமதமானாள். அதற்கு முன் ஒரு நாளும் ஆனதில்லை.

"மூணாவது தடவை லேட்டானா நான் ஐரீன் வீட்டுக்குப் போயிடுறேன். அவ வீட்டுல இருந்து பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். பனி உருகினதும் வர்றேன்" என்றாள். ஐரீன் அவளுடைய தங்கை.

"சும்மா பயமுறுத்தாத."

வெர்னா மாடிக்குப் போய்த் தன் தலையணையைக் கொண்டுவந்து பையில் வைத்தாள். உடுப்பு வைத்திருந்தால் ரெய்னோ நம்பியிருக்க மாட்டார். நாற்பது வருடமாக அந்தத் தலையணை இல்லாமல் அவள் ஓரிடத்திலும் தூங்கியதில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பதினாறு அங்குலம் பனி என்று ரேடியோ சொன்னது. புதன்கிழமை காலை ரெய்னோ கிளேட்டன் ஹில்டுனனின் டிராக்டர் கடைக்குப் போனார். கிளேட்டன் முப்பத்தொரு குளிர்காலம் ரெய்னோவின் வரப்பை வெட்டியவர். கடையில் காபி குடித்துக்கொண்டிருந்த மூன்று பேரும் அப்படியே.

"வாடா ரெய்னோ. இன்னொரு பெல்ட்டா?"

"சும்மா பார்க்க வந்தேன். இந்த ரெட்டை என் டிராக்டருக்குப் பொருந்துமா?"

"பொருந்தும். ஆனா கனம். பின்னாடி எடை கட்டி, சக்கரத்துக்குச் சங்கிலி போடணும். இல்லேன்னா மூக்குக் குத்திக்கிட்டு பின்சக்கரம் சும்மா சுத்தும். பொசுபொசுன்னு இருக்கிற பனிக்கு உன் ஒத்தையே போதும், சீக்கிரமும் முடிக்கும். உனக்கு எதுக்கு இது?"

"ஒரு இதுக்குத்தான்."

"எந்த இதுக்கு?"

"ஓரத்துல கொஞ்சம் கட்டியா கிடக்கு."

"யாரு போட்டா?"

ரெய்னோ கூரையைப் பார்த்தார். "லாரி."

"லாரியா! டேய், லாரி போடுதாம்டா!" காபிக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். "காத்துன்னுல்ல நாங்க நெனச்சுக்கிட்டிருந்தோம்!"

ரெய்னோ தொப்பியை மாட்டிக்கொண்டு கதவு வரை போனார். கைப்பிடியைப் பிடித்தார். திரும்பி வந்தார்.

"வெர்னா தலையணையப் பையில வச்சுட்டா" என்றார்.

சிரிப்பு நின்றது. கிளேட்டன் எழுந்து அலமாரியிலிருந்து சாவியை எடுத்தார். "நாளைக்குக் கொண்டாந்து நானே மாட்டித் தர்றேன்."

சொன்னபடி கொண்டுவந்தார். கடையிலிருந்து ரெய்னோ வீட்டுக்குப் பின்வழி ஒன்று உண்டு. கிளேட்டன் கடைத்தெரு வழியாகத் திறந்த வண்டியில் வந்தார். வழியில் தபால் நிலையத்தில் ஒரு தபால்தலை வாங்க இருபது நிமிடம் ஆனது. இரக்கத்துக்கும் ஓர் அளவு வேண்டுமல்லவா.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. ஒரு ஜன்னலும் காலியாக இல்லை. வரப்பு இடுப்புக்கு மேல் இருந்தது. இரட்டைக் கட்டம் அவசரமில்லாமல் உள்ளே போனது. திருகு மென்று கொடுக்க, விசிறி வாங்கி, சாலைக்கு இப்புறம் இருந்த காலி மனையில் பூர்ச்ச மரங்களுக்கு மேலாகக் கொட்டியது. ஒன்பது நிமிடம். வெர்னாவின் கார் வெளியே வந்தது, நின்றது, கண்ணாடி இறங்கியது. அவள் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். நன்றி சொன்னதாக ரெய்னோ சொல்கிறார். குழாயைத் திருப்பச் சொன்னதாகவும், அதற்குள் வீசிய பனி பட்டுச் சாலையோரத் தபால்பெட்டி விழுந்துவிட்டதாகவும் வெர்னா சொல்கிறாள். தபால்பெட்டி விழுந்து கிடந்தது உண்மை.

அடுப்பு ஆறுக்குப் பற்றியது. சாயங்காலம் பை பரணுக்குப் போனது.

ஞாயிறு ஆராதனைக்குப் பின் தேவாலயக் காபியின்போது ரெய்னோ யாரும் கேட்காமலே விளக்கினார்: "பனி முந்தி மாதிரி இல்ல. இந்த ஏழெட்டு மாசத்துலயே கனமாயிருச்சு. அதுக்கு ரெட்டைதான் சரி."

கிளேட்டன் வாயைத் திறந்தார். வெர்னா காபிக் கெண்டியோடு வந்து அவர் கோப்பையை விளிம்பு வரை நிரப்பினாள்.

"ஆமா கிளேட்டன், இந்த வருஷப் பனி வேற ரகம்தான்" என்றாள்.